சூரியகாந்தி மூட்டைகள் திரும்பிப் போன வருடம்

மருமகள் ஒரு பாக்கெட் சூரியகாந்தி விதை வாங்கி வந்து மேஜைமேல் வைத்திருக்கிறாள். உடம்புக்கு நல்லதாம், தினம் ஒரு கைப்பிடி மெல்ல வேண்டுமாம். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? பேரன் தெலுங்கில் பதில் சொல்கிறான், மகன் இங்கிலீஷில் அதட்டுகிறான். என்னைத் தமிழில் திட்ட நீ ஒருத்தன்தான் இருந்தாய். போன மாதம் நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

செகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லாவில் நம் விதைக் கம்பெனி வந்த புதிது. சோதனைக்கூடம் எனக்கு, வயல் உனக்கு. சங்காரெட்டிக்கு அப்பால் ஓர் ஊரில், ஆளுக்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்த பன்னிரண்டு பேரைப் பிடித்தாய். சோளம் போட்டுக்கொண்டிருந்தவர்களை விதைக்காகச் சூரியகாந்தி போடவைக்க எத்தனை நடை நடந்தாய்! தரமாக விளைந்தால் அத்தனையையும் கம்பெனியே எடுத்துக்கொள்ளும் என்று சொன்னது நீதான். அவர்கள் காகிதம் எதுவும் கேட்கவில்லை. அவர்களில் ஒருவரான லட்சுமய்யா உன் கையை மட்டும் ஒருமுறை பிடித்துக்கொண்டார்.

மூட்டைகள் வந்தன. நூறு விதை எண்ணி ஈரத்தாளில் சுருட்டி வைத்தேன். பத்தாம் நாள் பிரித்தால் கால்வாசிகூட முளைக்கவில்லை. "தேறவில்லை" என்று எழுதினேன். நீ மூச்சிரைக்க ஓடி வந்தாய்.

"டேய், அறுத்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகலைடா. புது விதை, தூங்குது. ரெண்டு மாசம் கழிச்சுப் போட்டுப் பாரு."

"தூங்குதா? தாலாட்டுப் பாடினது நீயா?" என்றேன். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சூரியகாந்தி எனக்குப் புதிது என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. மூட்டைகள் ஊருக்கே திரும்பிப் போய், செக்கில் எண்ணெயாயின.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது.

இரண்டு மாதம் கழித்து மேஜை இழுப்பறையில் அந்த விதையில் ஒரு பொட்டலம் மிஞ்சிக் கிடந்தது. சும்மா போட்டுப் பார்த்தேன். தாளைப் பிரித்தால், அடப்பாவி, வெள்ளை வெளேரென்று அத்தனையும் முளைத்திருந்தன! அப்படியே சுருட்டிக் குப்பைக் கூடையின் அடியில் அமுக்கினேன். கதவைத் திறந்துகொண்டு நீ வந்தாய்.

"என்னடா, கையெல்லாம் ஈரம்?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அடுத்த விதைப்புக்கு நீ மறுபடி அந்த ஊருக்குப் போனாய். திரும்பி வந்து செகந்திராபாத் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். "உக்காருன்னுகூட யாரும் சொல்லலைடா" என்றாய். லட்சுமய்யா மட்டும் வாசலுக்கு வந்தாராம். "மீரு மஞ்சிவாரே சார். மீ மாட்ட வத்து." நீங்கள் நல்லவர்தான், உங்கள் வார்த்தைதான் வேண்டாம். சாசரில் ஊற்றிய டீ ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. பஸ் ஏறிப் போய், "தப்பு என்னுடையது, இவர் சொன்னது பொய்யில்லை" என்று லட்சுமய்யாவிடம் சொல்ல அரை நாள் போதும். போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லையடா, வெறும் வெட்கம்.

நீ மாற்றல் வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் போனாய். கடிதங்கள் பொங்கல் வாழ்த்தாகச் சுருங்கின, பிறகு அதுவும் இல்லை.

உன் மகன்தான் போன் செய்தான். "அப்பா உங்களைப் பத்தி அடிக்கடி சொல்வாங்க அங்கிள். யார் வந்து கெஞ்சினாலும் தப்பா எழுதாத கைன்னு."

போனை வைத்துவிட்டு அந்தக் கையை வேட்டியில் துடைத்தேன். ஏன் துடைக்கிறேன் என்று கேட்க அப்போது வீட்டில் ஆளில்லை. நீ அன்று கேட்டாயே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

உன் விதை முளைச்சுதுடா. அந்த ஈரம்தான்.