பன்னிரண்டு அடிக் கோல்

கடைக்குள் பெருங்காய வாசனை. கூடவே வெல்லமும் காய்ந்த மீன் செதிலும். தார்ப்பாயும் மழைக்கோட்டும் கயிறும் தூண்டில் சாமானும் விற்கும் இடத்தில் ரப்பர் நெடிதான் எப்போதும் இருக்கும், இது புதிது. பழைய புடவைத் துணியில் தைத்த ஆறடி நீள உறை ஒன்று என் மேசையின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. வாசனை அதிலிருந்துதான். இரைக்கு மாவு பிசையும்போது நீ பெருங்காயத்தைத் தாராளமாகவே போடுவாய். "மீனுக்கும் சாம்பார் புடிக்கும் சேட்டு" என்பாய்.

உன் வீட்டம்மா கொண்டுவந்து வைத்தார். "வீட்ல இத நிமுத்தி வெக்க எடமில்லண்ணா. உங்க கடை சாமான்தானே, இங்கயே இருக்கட்டும்" என்றார். ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னேன். எதிர்க்கடையில் டீ சொன்னேன். இதெல்லாம் எனக்கு நன்றாக வரும்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. மருத்துவமனை வாசலில் வண்டி பேசியது நான். மாலை, துணி, ஐஸ் பெட்டி, ஊருக்கு போன் எல்லாம் நான். புனே கட்கியில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் "கூடப் பொறந்தவன் மாதிரி செஞ்சான்" என்று பேசிக்கொண்டார்களாம். செய்தேன். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. லாரியில் வந்த சரக்கை இறக்கி அடுக்குவது போலத்தான் அந்த இரண்டு நாளும் போயிற்று. பிறகு அழுகை வரும் என்று இருந்தேன். வரவில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

உறைக்குள் இருக்கும் இந்தத் தூண்டில் கோலைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். நீ இருக்கும்போது பேசியிருக்க வேண்டியது.

பேக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த வாரம் நீ கடைக்கு வந்தாய். நான் குடியாத்தத்திலிருந்து ஒற்றைப் பையோடு வந்து, கயிறு மொத்தக் கடையில் மூட்டை தூக்கி, சொந்தக் கடை போட்ட நாள் முதல் என்னைச் 'சேட்டு' என்று கூப்பிடுகிறவன் நீ ஒருவன்தான். மரியாதை இல்லை, கிண்டல்.

"சேட்டு, ஞாயித்துக்கெழம ஆனா வீட்ல குந்த முடியல. மீன் புடிக்கலாம்னு கீறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீயே பாத்து குடு."

நீயே பாத்து குடு. வியாபாரத்தில் இருக்கிறவனுக்கு அந்த மூன்று வார்த்தை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாது. வாடிக்கையாளர் அதைச் சொன்னதும் கண் தானாகப் பரணுக்குப் போகும். எது நீண்ட நாளாகத் தங்கிக் கிடக்கிறதோ அதை இறக்க வேண்டிய நேரம் அது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கை பழகிவிட்டது.

பரணில் மூன்று கோல்கள் இருந்தன. மும்பையில் ஒருவன் கடையை மூடும்போது மற்ற சாமானோடு சேர்த்துத் தள்ளிவிட்டவை. கடற்கரையில் நின்று அலைக்கு அப்பால் கனமான ஈயக் குண்டை வீசுவதற்காகச் செய்தவை. பன்னிரண்டு அடி, இரண்டாகக் கழற்றினாலும் ஆள் உயரம். அதற்குத் தேங்காய் அளவில் ஒரு ரீல், துணி காயப்போடலாம் போல ஒரு தூண்டில் நரம்பு, கட்டைவிரல் பருமனுக்கு முள். புனேயில் கடல் இல்லை என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். "நீளமா இருந்தா தூரமா விழும். பெரிய மீன் தூரத்துலதான் இருக்கும்" என்றேன். நீ தலையாட்டினாய். எங்கே நின்று பிடிக்கப் போகிறாய் என்று நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் விற்க முடியாமல் போயிருக்கும்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் லோனாவ்லா லோக்கல் ரயில் பிடித்து காம்ஷேட், அங்கே இறங்கி நடந்து இந்திராயணி ஆற்றங்கரை. கம்பம் போல அதைத் தூக்கிக்கொண்டு நீ ஏறினால் பெட்டியில் இருப்பவர்கள் சும்மா விடுவார்களா? "காகா, ஜண்டா கஹா ஹை?" கொடி எங்கே என்று கேட்டார்களாம். "கொடி எங்க சேட்டுகிட்ட கீது, கொம்பு மட்டும் எங்கிட்டன்னேன்" என்று திங்கட்கிழமை கடையில் வந்து சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். நீ தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்ததைப் பார்த்தேன். தைலம் வாங்கக் கிளம்பினாய்.

முதல் ஆறு மாதம் ஒரு மீன் இல்லை. ஒரு ஞாயிறு என்னையும் இழுத்துப் போனாய். அன்றுதான் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். நீ நின்ற இடத்தில் தண்ணீர் முப்பது, நாற்பது அடி அகலம்தான். நீ வீசிய ஈயம் எதிர்க்கரைப் புதரில் போய் விழுந்தது. கிட்டே வீசினால் ஜிலேபிக் கெண்டை இரையைக் கொத்துவது அந்தத் தடித்த நுனியில் தெரியவே இல்லை. மாவு கரைந்து வெறும் முள் வந்தது. பக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் மூங்கில் குச்சியும் மெல்லிய நரம்பும் மயிலிறகுத் தண்டில் ஒரு மிதவையுமாகக் குந்தியிருந்தார். அவர் வாளியில் ஏழெட்டு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. உன் கோலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஹீ காட்டீ சமுத்ராச்சீ ஆஹே" என்றார். இது கடலுக்கான கோல் என்று.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "கேட்டியா சேட்டு? சமுத்திரம் எந்தப் பக்கம்?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'தப்பான சாமான் குடுத்துட்டேன், நாளைக்கு வா, மாத்தித் தரேன்.' அவ்வளவுதான். நான் சொன்னது: "மீன் புடிக்கப் பொறுமை வேணும்பா."

நீ குனிந்து மாவை உருட்டினாய்.

அதற்குப் பின் உனக்கு மீன் மாட்டத் தொடங்கியது. பாலித்தீன் பையில் நாலைந்து கெண்டை கொண்டுவந்து மேசையில் வைப்பாய். "உன் கோல்ல மாட்டினது சேட்டு, வீட்ல குடு." கை பழகிவிட்டது, கோல் ஒன்றும் மோசமில்லை என்று நினைத்துக்கொண்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதோடு விட்டேனா? பரணில் மிச்சமிருந்த இரண்டையும் உன் பெயரைச் சொல்லியே விற்றேன். "என் சிநேகிதர் இதுலதான் வாரா வாரம் பிடிக்கிறார்" என்று. மூன்று வருடம் அந்த மீனைத் தின்றேன்.

டீயைக் குடித்துவிட்டு உன் வீட்டம்மா உறையின் முடிச்சை அவிழ்த்தார். பெரிய கோலின் இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு மூங்கில் குச்சி. மெல்லிய நரம்பு சுற்றி, நுனியில் சின்ன முள், மயிலிறகுத் தண்டில் மிதவை.

"இது என்னம்மா?"

"இதுலதான்ணா மீன் புடிப்பாரு. ஆத்தங்கரைல ஒரு பெரியவரு கட்டிக் குடுத்தாராம்."

"அப்ப இந்தப் பெரிய கோல்?"

"அது சும்மா கூடப் போவும்." கொஞ்சம் தயங்கினார். "நானும் கேட்டேன், இத்த ஏன் தூக்கினு போயி தூக்கினு வர்றீங்கன்னு. ஸ்டேசனுக்கு சேட்டு கட வழியாத்தானே போவணும், கையில இல்லன்னா அவன் மனசு ஒரு மாதிரி ஆயிடும்ன்னாரு."

பெரிய கோலின் ரீலைத் திருப்பிப் பார்த்தேன். நரம்பு நான் சுற்றிக் கொடுத்தபடியே இருந்தது.

அவர் போன பிறகு கடையைத் திறந்தே வைத்திருந்தேன். இரண்டு தார்ப்பாய் விற்றது. சாப்பிட்டேன். உள்ளே ஏதாவது உடையும் என்று பார்த்தேன், இல்லை. கால் மரத்துப்போனால் அடித்தாலும் தெரியாதே, அப்படி.

நாலு நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். விமான் நகரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கோயம்புத்தூர்க்காரி. பலகையில் தமிழைப் பார்த்து உள்ளே வந்தாளாம்.

"அண்ணா, மீன் பிடிக்கக் கத்துக்கலாம்னு இருக்கேனுங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. நீங்களே பாத்துக் குடுங்க."

பரணில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் கண் அங்கே போய்விட்டுத்தான் வந்தது.

"எங்க நின்னு பிடிக்கப் போறீங்க?" என்று கேட்டேன். முப்பது வருட வியாபாரத்தில் இந்தக் கேள்வியை முதல்முறையாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"கரைலதானுங்க. ஏரி, ஆறு, அந்த மாதிரி."

ஏழடிக் கோல், இரண்டாகக் கழற்றினால் பைக்குள் அடங்குவது. கையில் கொடுத்து நுனியை ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். உள்ளங்கையில் அடங்கும் ரீல். மெல்லிய நரம்பு. சுண்டுவிரல் நகம் அளவு முள் ஒரு பொட்டலம், மிளகு போல ஈயக் குண்டு, இரண்டு மிதவை. கண்ணாடிப் பெட்டியில் மினுக்கும் பிளாஸ்டிக் மீன்களைக் காட்டி "இது வேண்டாமுங்களா?" என்றாள்.

"இப்ப வேணாம்மா. கோதுமை மாவு போதும். பெருங்காயம் கொஞ்சம் சேத்துக்கங்க."

"கடைக்காரரே வேண்டாங்கறத இப்பத்தானுங்க கேக்கறேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்தேன்.

போன ஞாயிறு கடையை மூடிவிட்டு நான் காம்ஷேட் போனேன். மூங்கில் குச்சி மட்டும் போதும். இருந்தும் பெரியதையும் எடுத்துக்கொண்டேன். ஸ்டேஷனுக்கு வெளியே வடாபாவ் விற்கிறவன் கேட்டான், "காகா, ஜண்டா கஹா ஹை?"

உன் பதிலை நான் சொல்ல முடியாது. சேட்டு நான்தானே.

ஆற்றங்கரை வரை நடை. பாதி வழியில் வலது தோள் கடுக்க ஆரம்பித்தது. இடதுக்கு மாற்றினேன். உனக்கு எந்தத் தோள் வலித்தது என்று நான் கேட்டதேயில்லை.