மாலை போட்ட படம்

பரளச்சி,
தை மாதம், புதன்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

தங்கலட்சுமி எழுதுகிறேன். இங்கே நானும் அத்தையும் நல்ல சுகம். உங்களுக்கு நெஞ்சுச்சளி குறைந்ததா? வெந்நீர் குடிக்க மறந்துவிடாதீர்கள். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்பதிலேயே பொழுது போய்விடுகிறது. லீவில் வந்திருந்த நவாஸ் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

காட்டில் கொத்தமல்லி பூத்துக் கிடக்கிறது. கடைசி மழை ஏமாற்றியதால் பருத்தி சுமார்தான்.

நம் தவிட்டுக்குருவி நாடகக் குழு தொடங்கிப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு அதைக் கொண்டாடலாம் என்று காலையிலேயே பஸ் பிடித்து அருப்புக்கோட்டைக்குப் போனேன். ஒத்திகை இப்போதும் சின்ன மீரான் பாயின் பருத்திக் குடோனில்தான். நீங்கள் ராஜா வேஷத்தில் நிற்கிற படத்தை பாய் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். அன்றைக்கு அந்தப் படத்தில் மல்லிகை மாலை தொங்கியது. பக்கத்தில் ஸ்டூலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள் பேச்சி. மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள், போன வருஷம்தான் சேர்ந்தாள்.

"அக்கா, இவுக எப்பச் செத்துப்போனாக?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் என் வீட்டுக்காரர், வெளிநாட்டில் வண்டி ஓட்டுகிறார் என்றேன். அவள் நம்பவில்லை. படம் மட்டும்தான் இருக்கிறது, ஆள் வந்ததே இல்லையே என்றாள்.

மற்ற பிள்ளைகளும் வந்துசேர்ந்ததும் எல்லாரையும் உட்காரவைத்துக் கதையை முதலிலிருந்து சொன்னேன். கல்யாணமான புதிதில் நாம் இருவரும் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தோம். தறிக் கழிவு நூலில் உங்களுக்குத் தாடி செய்தோம். திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் முதல் நாடகத்தன்று மைக் கெட்டுப்போக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நீங்கள் கத்தியே வசனம் பேசினீர்கள். மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டு, டீக்கடையில் கையால் ஜாடை காட்டி டீ கேட்டீர்கள். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். பிறகு கொரோனா வந்தது, பள்ளிக்கூடங்களை மூடினார்கள், நாடகமும் நின்றது. ரெண்டே வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று நீங்கள் விமானம் ஏறினீர்கள். பள்ளிக்கூடம் திறந்தபோது மிச்சமிருந்த நாலு பிள்ளைகளை வைத்து நான் மறுபடி ஆரம்பித்தேன். ராஜா வேஷத்தை மட்டும் இன்றுவரை யாருக்கும் கொடுக்கவில்லை. இதையெல்லாம் சொன்னேன்.

"அப்ப ஏன் இன்னும் வரல?" என்றாள் பேச்சி.

பதிலுக்கு உங்களையே காட்டிவிடலாம் என்று வீடியோ கால் போட்டேன். பிள்ளைகள் என் தோளைச் சுற்றி முண்டியடித்து நின்றார்கள். மணி அடித்து ஓய்ந்தது. நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டு இருந்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். பிள்ளைகள் ஒத்திகைக்குப் போய்விட்டார்கள்.

புறப்படுகிற நேரத்தில் பேச்சி மறுபடியும் ஸ்டூலில் ஏறினாள். மாலையைக் கழற்றி, ஒரு முழம் அளவுக்குப் பிய்த்து என்னிடம் நீட்டினாள்.

"அவுகதான் உசுரோட இருக்காகளே. இத நீங்க வச்சுக்கங்கக்கா."

தலையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் பரளச்சி வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

மச்சான், மாசியோடு ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று போன வாரம் கேட்டீர்கள். உங்கள் இஷ்டம் என்று சொன்னேன். வாருங்கள் என்று வாய்விட்டுக் கூப்பிட்டு, அதற்குப் பிறகும் நீங்கள் வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை என்னிடம் கேளுங்கள்.

அத்தை உங்களுக்காக வேண்டிக்கொண்டு திருநீறு மடித்துக் கொடுத்திருக்கிறார். கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள்.

உங்கள்,
தங்கம்