ஃப்ளெக்ஸில் இருந்த என் முகம்

வயலின் பெட்டியைத் திறந்தேன். வில்லுக்குப் பூசும் ரோசின் கட்டி உள்ளேயே நொறுங்கிக் கிடந்தது. அந்தப் பிசின் வாசனை பட்டதும் உன்னிடம் பேசத் தோன்றிவிட்டது. நீ போன பிறகு நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நாள் இழுத்தேன்.

தொண்ணூற்று மூன்றில், விழுப்புரத்துச் சர்ச்சின் பின்னறையில் உன்னை முதலில் பார்த்தேன். கிறிஸ்துமஸ் வாத்தியக் குழுவில் நான் வயலின். நீ திண்டிவனத்திலிருந்து அந்தப் பெரிய செல்லோ வாத்தியத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினாய். “கண்டக்டரு இதுக்கும் டிக்கெட் வாங்குன்றாருப்பா!” என்று மூச்சு வாங்கச் சிரித்தாய். ஒத்திகை முடிந்ததும் அவித்த மல்லாட்டையை, அந்த வேர்க்கடலையை, உரித்துக் கொறித்தபடி பஸ் ஸ்டாண்டுக்கு நடப்போம். வழியிலிருந்த கேசட் கடையில் ஆர்க்கெஸ்ட்ரா கேசட் எது கிடைத்தாலும் அட்டையைத் திருப்பிப் பார்ப்பாய்.

“எல்லாம் ஆம்பள பேரு. பொம்பளைங்க எழுதாமயா இருந்திருப்பாங்க? பேர எங்கடி போட்டாங்க?”

அடுத்த வருஷம் நீயே எழுதிக்கொண்டு வந்தாய், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக. எல்லாரும் வாசித்துப் பார்த்தோம். குழுத் தலைவர் கனைத்துக்கொண்டு, “நல்லாத்தாம்மா கீது. மேடைக்கு வேணாம், ஜனங்களுக்குத் தெரிஞ்ச பாட்டா வாசிப்போம்” என்றார். அதற்குப் பிறகும் எல்லா வருஷமும் அதையேதான் சொன்னார். நீயும் டைப்ரைட்டிங் சென்டர் வேலை முடிந்து வந்து எழுதிக்கொண்டேதான் இருந்தாய், நோய் உன்னைப் படுக்கையில் போடும்வரை.

நீ போன மறு வருஷம், விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் பெண் இசையமைப்பாளர்களுக்காக விழா எடுத்தார்கள். வெளிநாட்டுப் பெண்கள் எழுதியவற்றோடு உன்னுடையதையும் வாசிக்க ஒப்புக்கொண்டார்கள். உன் அம்மாவை நான்தான் திண்டிவனம் போய் அழைத்து வந்தேன். வாசலுக்கு மேலே ஆளுயர ஃப்ளெக்ஸ். அதில் ‘நம் மண்ணின் இசையமைப்பாளர்’ என்று என் முகம், என் பெயர்.

அம்மா அண்ணாந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். “பாப்பா போட்டோவ காணோமே?” என்றார்.

ஓடிப்போய் விழா நடத்திய பேராசிரியையிடம் கேட்டேன். “வாசிக்கிறவங்க போட்டோவ எழுதுனவங்கன்னு போட்டு ஃப்ளெக்ஸ் கடையில சொதப்பிட்டாங்க மேடம். இனிமே மாத்த முடியாது. விடுங்க, யாருக்குத் தெரியப் போவுது?”

உன் இசையை வாசித்தோம். கடைசி ஸ்வரம் அடங்கியதும் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, இது என் இசை இல்லை, இன்னாருடையது என்று உன் பெயரைச் சொன்னேன். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. உனக்குத்தான் என்று நினைத்தேன். பேராசிரியை எனக்குப் பொன்னாடை போர்த்தி, “தோழிய விட்டுக்கொடுக்காத இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்!” என்றார். கைதட்டல் இன்னும் பலத்தது. என் கைகள் தாமாகவே குவிந்து நன்றி சொல்லிவிட்டன. உன் பெயரை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

பஸ்ஸில் பொன்னாடையை மடித்து இருக்கைக்கடியில் தள்ளினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மைக்குல அவ பேரு கேட்டுச்சே, அது போதும்மா எனக்கு. நீ எதுக்கு அழுதுக்கினு வர்ற?”

அவ்வளவே போதும் என்று அவர் சொன்னது, ஃப்ளெக்ஸைவிட என்னைத் தலைகுனிய வைத்தது.

இப்போது என்னிடம் வயலின் கற்கும் பெண்கள் உன் இசையை வாசிக்கிறார்கள். யார் எழுதியது என்று கேட்டால் தயங்காமல் உன் பெயரைச் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் ஆறுதல். ஆனால் அன்றைய கைதட்டல் இன்னும் என்னிடமே இருக்கிறது. அது உன்னுடையது. உன்னிடம் சேர்க்கத்தான் வழி தெரியவில்லை.