அமெரிக்க ராமுவின் இடது கை

4 ஜூன் 2012, திங்கள்

காலை எட்டுக்கே தார் ரோடு இளகுகிற வெயில். கம்பெனி பஸ்ஸில் ‘ஏசி’ என்று எழுதியிருக்கிறது. அந்த எழுத்து மட்டும் நிழலில்.

இன்று மானம் போன நாள். பாதுகாப்பு வகுப்பு. சாப்பாட்டுக்கு அப்புறம் விளக்கை அணைத்துப் படம் போட்டால் எந்த மனுஷன் முழித்திருப்பான்? கடைசி வரிசை, சுவரில் தலை. திரையில் அமெரிக்க ராமு தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினில் இடது கையை விட்டு அலற, தூக்கத்திலிருந்த நான் அவரைவிடப் பெரிதாக “ஐயோ அம்மா” என்று அலறியிருக்கிறேன். நாற்காலி சாய்ந்தது. நானும்.

ராமு என்று பெயர் வைத்தது நாங்கள் இல்லை, படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவர். “ராமு கண்ணாடி அணியவில்லை. ராமு ஏணியைச் சரிபார்க்கவில்லை.” ஆள் சுத்த வெள்ளைக்காரர். வழுக்கை. இப்போதுதான் யாரோ திட்டிவிட்டுப் போன மாதிரி முகம். எந்தப் பாதுகாப்புப் படம் போட்டாலும் அடிபடுவது அவர்தான்.

ஸ்டோர்ஸில் என்னோடு வேலை செய்கிற இசக்கி, தென்காசிப் பக்கத்துப் பையன்: “என்னண்ணே, ராமு ஒங்களுக்குச் சொந்தமா? இந்தக் கத்து கத்துதிய!”

எச்.ஆர். மேடம் கூப்பிட்டார். மெமோ என்று நினைத்துப் போனேன். “உங்க கத்தல் ரொம்ப நேச்சுரல் ஏழுமலை” என்றார். அந்தப் படத்தையே நம்ம ஆட்களை வைத்து நம்ம ஷாப்பில் எடுக்கப் போகிறார்களாம். ராமு வேஷம் எனக்கு.

முன் அனுபவம்: பள்ளி நாடகத்தில் திரை இழுத்தேன். பாதியில் சிக்கிக்கொண்டது.

6 ஜூன், புதன்

புழுக்கம். கேன்டீனில் சாம்பார் என்ற பெயரில் வெந்நீர்.

இசக்கி மொபைல் நெட்டில் ராமுவைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். நிஜப் பெயர் வாயில் நுழையவில்லை, ராமுவே இருக்கட்டும். ஐயா பெரிய நடிகர்தான்! சினிமா, டிவி என்று லிஸ்ட் இழுக்க இழுக்க வருகிறது.

– போர்ப் படத்தில் இரண்டாவது சிப்பாய் (முதல் குண்டு அவருக்கு)
– லிஃப்டில் நிற்பவர்
– போலீஸ்காரர், பல தடவை. ஒரு திருடனையும் பிடித்ததாகத் தெரியவில்லை
– ஜட்ஜ். சுத்தியலால் தட்ட மட்டும்
– டிவி தொடரில் பிணவறை டாக்டர். இதுதான் பெரிய வேஷம், வருஷக்கணக்கில்

தொடர் நின்றது. கொஞ்ச காலம் லிஸ்டில் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகுதான் பேக்டரிப் படங்கள்.

“பாவம்ணே, சான்ஸ் இல்லாம நம்மகிட்ட வந்து சேந்துட்டாரு” என்றான் இசக்கி.

சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த வீட்டிலும் ஒரு பெண் கேட்டிருக்கும், “அப்பா, இப்ப என்ன வேஷம்?” என்று. “கை போகிற வேஷம்மா.”

மதியம் டிராலி தள்ளிக்கொண்டு பிரஸ் ஷாப் பக்கம் போனேன். மகள் சுமதி அங்கே கான்ட்ராக்டில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அவள் மெஷினுக்கு இரண்டு பட்டன், இரண்டு கையும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. சு. ஒரு பட்டனை சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டியிருக்கிறாள். வலது கையால் மற்ற பட்டன். இடது கை சும்மா இருக்கிறதே என்று அதால் தகட்டை உள்ளே வைக்கிறாள், எடுக்கிறாள்.

படத்தில் ராமு செய்வதும் அதுதான். அப்படியே அச்சு.

7 ஜூன், வியாழன்

சாயங்காலம் வீட்டில் சு.வைத் துணி காயும் கொடிக்கம்பிப் பக்கம் கூப்பிட்டுக் கேட்டேன்.

“எங்க லைன்ல எல்லாரும் அப்டிதான்பா கட்டிக்கினு ஓட்றாங்கோ.”

“யார் கட்டச் சொன்னது?”

“யாரும் சொல்ல மாட்டாங்கோ. கட்டலன்னா டார்கெட் வராது. டார்கெட் வரலன்னா சூப்பர்வைசர் பாபு சாரு லிஸ்ட்ல பேரு வராது. அடுத்த மாசம் கம்பெனி ரோல்ல பர்மனென்ட்டா எடுக்கறாங்கோ, தெரியுமில்ல?”

“கை போனா எந்த ரோல்டி?”

“நீ மேடமாண்ட போயி எதுனா உளறி வெச்சே, அவ்ளோதான். ரெண்டு பேருமே வூட்ல குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்.”

உள்ளேயிருந்து என் மனைவி கஸ்தூரி: “அப்பாவும் பொண்ணும் இன்னா குசுகுசுன்னு?”

“ஒண்ணுமில்லமா. அப்பா ஹீரோ ஆவப் போறாரு.”

சோறு இறங்கவில்லை. ரசம் காரம் என்று சொல்லிவிட்டேன். ரசத்துக்கு நியாயமில்லாத கெட்ட பேர்.

8 ஜூன், வெள்ளி

மொட்டை மாடியில் அலறல் ஒத்திகை. எதிர்வீட்டு நாயுடு கம்போடு ஓடி வந்தார், “எங்கப்பா பாம்பு?” என்று. நடிப்பு என்றேன். கம்பைக் கீழே வைக்காமலே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

10 ஜூன், ஞாயிறு

மூவரும் வல்லக்கோட்டை. கூட்டம். முருகனிடம் கஸ்தூரி கேட்டது மகளின் வேலை நிரந்தரம் ஆக. சு. கேட்டதும் அதுவே. எனக்கு மகளின் கை வேண்டும், வேலையும் வேண்டும். என் மனு கொஞ்சம் குழப்பம்.

மதியம் டிவியில் தமிழ் பேசும் இங்கிலீஷ் படம். வீடு அதிர “ராமு! ராமு!” என்று கத்தினேன். பஸ் டிரைவர் வேஷம். கதாநாயகியிடம், “இறங்கும்மா, இது கடைசி ஸ்டாப்.” அவ்வளவுதான். முடிந்தது.

கஸ்தூரி: “இந்தாளுக்கா இம்மாம் சவுண்டு?”

நான் ஸ்டீயரிங் மேல் இருந்த அவர் இடது கையைத்தான் பார்த்தேன். எல்லா விரலும் இருந்தது. பிரஸ்ஸில் எத்தனை தடவை விட்டாலும் அவருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. சு.வும் அதைத்தான் பார்த்தாள். உடனே ரிமோட்டை எடுத்து வேறு சேனல் வைத்தாள்.

11 ஜூன், திங்கள்

சூப்பர்வைசர் பாபுவிடமே நேரில் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். வாக்கியம் எல்லாம் தயார். கிட்டே போனதும் வந்த வாக்கியம்: “டீ ஆச்சா சார்?” ஆயிற்றாம்.

13 ஜூன், புதன்

மூட்டம். சொட்டு மழை இல்லை. பிரஸ் ஷாப்பில் ஷூட்டிங். டைரக்டர் பக்கத்து ஊர் படப்பையில் கல்யாண வீடியோ எடுக்கிறவர், “மாப்ளே, கொஞ்சம் தலையைத் தூக்குங்க” என்று பழக்க தோஷத்தில் என்னிடமும் சொன்னார். வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று கதவோரத்து மெஷினைப் பிடித்தார். சு.வுடையது. கரண்ட்டை நிறுத்திப் பூட்டும் போட்டாயிற்று. பிளான்ட் மேனேஜரும் வந்துவிட்டார்.

டைரக்டர்: “பட்டனைக் கட்றதுக்கு எதுனா வேணுமே மேடம்?”

மேடம்: “அதெல்லாம் நம்ம ஷாப்ல இருக்காதே.”

லைன் பெண்கள் எல்லார் கையும் கோட்டு பாக்கெட்டுக்குள். பாபு கூரையைப் பார்த்தார். சு. முன்னால் வந்து டியூப் துண்டை நீட்டினாள்.

“அட, அளவெடுத்த மாதிரி இருக்கே! எங்க கிடைச்சுது?”

“கீழ கெடந்துச்சு மேடம்.”

எனக்குக் கட்டத் தெரியவில்லை. தடவினேன். அவளே வாங்கிக் கட்டினாள், கண் மூடித் திறப்பதற்குள். மேனேஜர் அவள் விரல்களையே பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முதல் அலறல் சரியில்லை. “தும்மல் மாதிரி இருக்கு சார்” என்றார் டைரக்டர். இரண்டாவது தடவை கேமராவுக்குப் பின்னால் நின்ற சு.வின் கையைப் பார்த்துக்கொண்டு அலறினேன். ஷாப்பே அடங்கிவிட்டது. ஒத்திகையில் இப்படி வரவில்லை. சு. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

கடைசிக் காட்சி. கையில் கட்டு, ஸ்டூலில் நான். மேடம் எழுதிக் கொடுத்த வசனம்: “என் கவனக்குறைவுதான் காரணம். நீங்களும் ராமு ஆகாதீர்கள்.” ஒரே டேக்கில் சொன்னேன். கைதட்டல். பாபுதான் பலமாகத் தட்டினார்.

மேனேஜர் என் கட்டுப் போட்ட கையையே பிடித்துக் குலுக்கினார். “பிரமாதம் ஏழுமலை. ராமு ஏன் அப்படிப் பண்ணினான், உங்க சொந்த வார்த்தையில ஒண்ணு சொல்லுங்களேன். கேமரா ஓடுது.”

பாபு என்னைப் பார்த்தார். குழாயடியிலிருந்து சு. லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

“அவ்ளோதான் சார். நன்றி.”

சொல்லாமல் விட்டது: கவனக்குறைவு இல்லை சார், ராமுவுக்கும் டார்கெட் கொடுத்திருப்பார்கள்.