நாவால் அளந்த மருந்து

அன்பு மருமகளே,

பிரசவத்துக்கு இங்கே வருவதாக எழுதியிருந்தாய். படித்ததும் நான் துள்ளிய துள்ளலில் வீடே ஆடிற்று.

தக்காளிக்குப் பூச்சிமருந்து கலக்க கானாவிலேயே உன் மாமனைப்போல் ஆளில்லை. மூன்று புட்டி மருந்தை ஒரே தொட்டியில் ஊற்றி, விரலால் தொட்டு நாக்கில் வைப்பேன். காரம் சரியா என்று சொல்லிவிடுவேன். பத்து ஊர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். உன் அத்தை அயின்போகாதான் கத்துவாள்: "யோவ், அது என்ன குழம்பா, ருசி பாக்குற? அந்தச் சட்டையோட உள்ள வராத!" சட்டையைத் துவைத்ததும் அவள்தான். இருபது வருஷம், வெறுங்கையால்.

அவள் காலில் சோளத்தட்டை கீறியது. கடுகளவு காயம், மூன்று மாதமாகியும் ஆறவில்லை. மருத்துவமனையில் இரத்தம் பார்த்த பெண் சொன்னாள்: "ஐயா, கிருமியோட சண்டை போடுற வெள்ளை அணு இவங்களுக்குச் சோர்ந்து கிடக்கு. பூச்சிமருந்து காரணமா இருக்கலாம். வயித்துப் பிள்ளைக்குக்கூட ஆகாது."

"என் ரத்தத்தைப் பாரும்மா, சிங்கம் உறுமும்" என்றேன். பார்த்தாள். சிரிக்கவில்லை.

நீ போனில் அத்தையைக் கேட்டபோதெல்லாம் வயலில் இருக்கிறாள் என்றேன். நம் ஊர் வழக்கப்படி வீட்டு வாசலிலேயே அவளைப் புதைத்து மேடு எழுப்பியிருக்கிறேன். ஊர்த்தலைவர் கல்லறைகூட அவ்வளவு உயரமில்லை.

காலையில் கொடியில் என் சட்டை ஈரமாகத் தொங்குகிறது. நான் துவைக்கவில்லை. இது மட்டும் அளப்பு இல்லை.

நீ வராதே, அம்மா. அங்கேயே பெற்றுக்கொள். புதுச்சட்டை போட்டு நானே வருவேன். வாசலில் நின்று பார்ப்பேன்; பிள்ளையைத் தூக்கச் சொல்லாதே.

உன் தாய்மாமன்