நீ எழுதிய கடைசிக் காட்சி

பழவங்காடியில் இன்று காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஹோட்டல் டிவியிலிருந்து என் இருமல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் நீ எழுதிய சீரியல். உனக்கு அஞ்சலியாம். 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்' என்று உன் படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். யாருடைய குடும்பம்?

தொண்ணூறுகளின் கடைசியில் நீ அதை எழுதினாய். வேறொரு கிரகம், கண்ணாடிக் கூரைக்குள் ஒரு நகரம். வெளியே விஷக்காற்று என்று சொல்லிச் சொல்லியே அதிபர் ஆள்கிறார். எதிர்த்துப் பேசினால் வீட்டுக்கு வரும் காற்று நின்றுபோகும். கடைசியில் ஒரு பெண் கதவைத் திறந்து வெளியேறி, மண்டியிட்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்துச் சிரிக்கிறாள். வெளியே நல்ல காற்றுதான். அவளுக்கு டப்பிங் பேசியது நான். "சிரிக்காதேடி, மூச்சு விடு. சிரிப்பு தானா வரும்" என்று சொல்லிக்கொடுத்தாய்.

ஒளிபரப்பான அன்று ஸ்ரீவராகத்தில் உன் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. படம் அதேதான். சிரிப்பை மட்டும் காணோம். முன்பு ஒரு தீவிபத்துக் காட்சிக்கு நான் இருமியதை எடுத்து அங்கே ஒட்டிவிட்டார்கள். அவள் மூச்சுத் திணறிச் சாகிறாள். "சொன்னேனே, கேட்டாளா?" என்று அதிபர் அழுகிறார். பக்கத்து வீட்டு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், நல்ல மனுஷன்" என்றாள். உன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் தயாரிப்பாளரிடம் போனோம். "சாரமில்ல சேச்சி, விட்டுத் தள்ளுங்க, மேலிடத்துல சொன்னதாக்கும். ஆளறவன் பொய் சொல்றான்னு காட்டினா ஜனங்க கலங்கிப்போவாங்க. வெளியில பேசாம இருங்க, அடுத்த சீரியலும் சேச்சிக்குத்தான்" என்றார்.

"இது என் அதிபர் பேசற வசனமாச்சே! நான் எழுதினதை எனக்கே சொல்றேளா?" என்று எழுந்துவிட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் எல்லாரையும் கூட்டி, உண்மையான முடிவை நீ சொன்னாய். அந்தப் பெண்ணின் மூச்சுக்கும் சிரிப்புக்கும் நான் குரல் கொடுத்தேன். கட்டட வேலைக்கு வந்திருந்த நாகர்கோவில்காரர் ஒருவர், "அப்போ டிவியில காட்டினது பொய்யாம்மா?" என்றார். "பொய்தான்" என்றாய். மாமி கொதித்துப்போனாள்: "அந்தப் படுபாவிக்காகவா அழுதேன்!"

அதன் பிறகு எந்த சேனலும் உன்னைக் கூப்பிடவில்லை. டியூஷன் எடுத்துக் காலம் தள்ளினாய். போன மாதம் நீ கண்ணை மூடும்வரை அவர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அதே பொய்யைப் போட்டு, அதற்கு மேல் உன் பெயரையும் போடுகிறார்கள்!

ஹோட்டலிலிருந்து நேரே சேனல் ஆபீசுக்குப் போனேன். முடிவை மாற்று, இல்லையென்றால் அவள் பெயரை எடு என்றேன். வரவேற்பில் இருந்த பெண், "பழைய சீரியல்தானே ஆன்டி, யாரு கவனிக்கப் போறா?" என்றாள்.

அதட்டினால் அடங்கிப் போய்க்கொண்டிருந்தவள் நான், உனக்குத் தெரியாததா? உன்னோடு பழகிப் பழகி அந்தக் குணம் போய்விட்டது.

"நான் கவனிக்கிறேன். உங்க மேனேஜரை வரச் சொல்லும்மா" என்று உட்கார்ந்தேன். அவர் வரவில்லை. நாளைக்கும் போவேன்.