இரண்டாவது தம்ளர் தண்ணீர்

வியன்னா, வெள்ளிக்கிழமை

அன்புள்ள நோட்புர்கா,

ஒரு விருந்தாளியின் முன்னால் இருந்த தண்ணீரை என் கையாலேயே எடுக்க வைத்துவிட்டார்கள். இந்தக் காபிக்கடையில் பரிமாறிய முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஓர் அநியாயம் நடந்ததில்லை. அது கிடக்கட்டும், உன் முழங்கால் வலி தேவலையா?

சுற்றுலா வந்த ஒரு வயதான அம்மாள், அரண்மனையெல்லாம் பார்த்துக் களைத்து, ஒரு காபியும் கேக்கும் வாங்கிக்கொண்டு அஞ்சலட்டை எழுதிக்கொண்டிருந்தார். காபியோடு வைத்த தண்ணீர் தீர்ந்ததும், கேட்காமலே இரண்டாவது தம்ளர் தண்ணீர் வைத்தேன். ‘இன்னும் உட்காருங்கள்’ என்று நம் காபிக்கடைகளில் சொல்வது அப்படித்தானே!

புது மேலாளர் கிளெமென்ஸ் வந்தான். “அலாய்ஸ் அண்ணே, வாசல்ல வரிசை நிக்குது. தண்ணிய எடுத்தா அந்தம்மா தானா எந்திரிக்கும்.”

“குடிக்கிற தண்ணிய எடுக்கிறதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு தம்பி?”

“வியாபாரம்ணே.”

எடுத்தேன். அதுதான் பொறுக்கவில்லை. அந்த அம்மாள் பாதி எழுதிய அட்டையைப் பைக்குள் வைத்து, “மன்னிச்சுக்கோங்க, ரொம்ப நேரம் உக்காந்துட்டேன்” என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். என் கறுப்பு டையைக் கழற்றி கிளெமென்ஸ் கையில் கொடுத்தேன். இப்போது சமையலறையில் கரண்டி துடைக்கிறேன். கவலைப்படாதே, அங்கே கதகதப்பாக இருக்கிறது.

கிளெமென்ஸ் ஒவ்வொரு மேசையிலும் இரண்டாவது தம்ளரைத் திரும்ப வைக்க வேண்டும்; அதுவரை நான் கூடத்துக்குப் போக மாட்டேன். நம் மகன் ஃபைட் பனி விழுமுன் வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும். நீ கம்பளிக் காலுறை அனுப்ப வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்பே நான் வந்து நின்றால், ஏன் என்று கேட்காமல், என் காபிக்குப் பக்கத்தில் இரண்டாவது தம்ளர் தண்ணீர் வைக்க வேண்டும்.

அலாய்ஸ்